கடைசி வண்டியில் மாத்திரைப் பெட்டி

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எதையாவது கற்றுக்கொண்டே இருக்கிற டீச்சர் என்பார்கள். பள்ளி வேலையை விட்ட பிறகு ஆரி வேலை கற்றேன். குரோஷா பின்னினேன். துணியில் பெயின்டிங் செய்தேன். கொஞ்ச நாள் மொட்டை மாடியில் கத்தரியும் தக்காளியும் போட்டேன். அந்தச் செடிகள் மட்டும் சீக்கிரம் காய்ந்துபோயின. "மாடிப்படி ஏற முடியலை, முட்டி வலி" என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். முட்டியில் ஒன்றுமில்லை. மாடியிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது, அவ்வளவுதான்.

என் பொழுதுபோக்குகள் எல்லாமே ஹாலில் ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்து செய்யக் கூடியவை. அங்கிருந்து சமையலறை மேடை முழுக்கத் தெரியும். மேடையில் ஓவன் இருக்கும். ஓவன் முன்னால் என் மகள் நின்றுகொண்டிருப்பாள்.

அவளுக்கு வலிப்பு உண்டு. பதினோராம் வகுப்பில் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது முதல் தடவை வந்தது. அதன் பிறகு சில வருடங்கள் எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அவள் குளிக்கும்போது எதையாவது பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் நான் கதவைத் தட்டுவேன். "ஷாம்பு வாயில போவுதும்மா, எப்படிப் பாடறது?" என்று உள்ளேயிருந்து கத்துவாள். அவளுக்கு என்ன என்று தெருவில் கேட்டவர்களுக்கு ரத்தசோகை என்றோம். உறவினர்களில் என் கணவரின் அக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் கோலியனூரில் இருக்கிறார். "வெளிய மூச்சு வுடாத. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

கல்லூரிப் படிப்பை அவள் அஞ்சல் வழியில்தான் படித்தாள். மீதி நேரத்தில் செய்வதற்கு என்னென்னவோ முயன்றாள். படம் வரைந்தாள், கீபோர்டு வாசித்தாள், மெழுகுவத்தி செய்தாள். எதிலும் நிற்கவில்லை. கடைசியில் கேக்கில் நின்றாள். முதலில் செய்ததெல்லாம் நடுவில் பள்ளமாக அமுங்கிப்போகும். திண்டிவனத்தில் கரண்ட் போகிற நேரம் தெரிந்து கேக் வைக்க வேண்டும். அதையும் கற்றுக்கொண்டாள். பிறகு கேப்பை மாவில் வெல்லம் சேர்த்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து மேலே உடைத்துத் தூவி ஒரு கேக் செய்தாள். சர்க்கரைக்குப் பயந்த பெரியவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் அதைக் கேட்டு போன் வர ஆரம்பித்தது. முகத்தில் மாவோடு திரிவாள். அந்த நாட்களில் அவள் சிரித்த மாதிரி பள்ளிக்கூடத்திலும் சிரித்ததில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஜர்தோசி தைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா, நீ தைக்கிற பூவெல்லாம் கோணலாவுது. துணியைப் பாத்துத் தை. என்னைப் பாத்துத் தைக்காத."

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரைகள் ஒத்துக்கொண்டன. நீண்ட காலமாக வலிப்பு வரவே இல்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவள் தானாகவே புதுச்சேரியில் ஒரு பேக்கரிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கிவிட்டாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஆவணியில் சேர வேண்டும். எங்களிடம் சொன்னதே இடம் கிடைத்த பிறகுதான். விழுப்புரத்தில் அவளைப் பார்த்துவந்த மருத்துவரிடம் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். அவர் பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் இதே மாதிரி இருந்தா தைரியமா அனுப்புங்க. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், ஆபீசில் குலுக்குவதுபோல. "ஆவணி வரைக்கும்தான்மா. அப்பறம் நீ நேரா தைக்கலாம்."

ஆவணி வரை ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

வீடு மாற்றும் முடிவும் அப்போதுதான் எடுத்தோம். என் கணவர் விழுப்புரத்தில் வேலைக்குத் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். மருத்துவரும் அங்கே. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் வருவார்கள் என்று நான்தான் அதிகம் வற்புறுத்தினேன். ஆனி பாதி போன பிறகு மூன்றாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. ஆவணிக்கு விட்டால் அவள் புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். ஆனியின் கடைசியில் மிச்சமிருந்த ஒரு நல்ல நாளைப் பிடித்துக்கொண்டோம்.

அந்த வாரம் முழுக்க வீடு சந்தை மாதிரி இருந்தது. அவளுக்கு முன்பே ஒத்துக்கொண்ட பிறந்தநாள் கேக்குகள் இருந்தன. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வேலை முடித்துத் தர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றி அட்டைப்பெட்டியில் போடுவோம். அடுத்த நிமிடம் சல்லடை வேண்டுமென்று அதே பெட்டியைப் பிரிப்போம். என் கணவர் நூல்கண்டுகளைப் பருப்பு டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். சமையலறையில் எல்லாம் காலியான பிறகும் ஓவன் மட்டும் மேடையில் நின்றது.

"இதை எப்பம்மா மூட்டை கட்டுவ? தலையில வெச்சிக்கினுதான் விழுப்புரம் வரப் போறியா?" என்றார் அவர்.

"தலையில வெச்சா முடி கருகிடும்ப்பா. மடியில வெச்சிக்கினு வரேன். அங்க போய் மொத மொத இதுலதான் எதுனா செய்யணும்."

"பால் காய்ச்சிட்டு அப்பறம்தான் எதுவும்."

"பாலு உங்க அக்கா டிபார்ட்மென்ட். கேக்கு என் டிபார்ட்மென்ட்."

என் கணவரின் அக்கா முந்தைய நாளே கோலியனூரிலிருந்து வந்துவிட்டார். புது வீட்டில் எது முதலில் நுழைய வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஹாலின் நடுவில் உட்கார்ந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கைநீட்டிப் பிரித்தார்.

"உப்பு, மஞ்சா, அரிசி, பருப்பு, சாமி படம், வெளக்கு. நெறகொடம் என் கையில. இதெல்லாம் நம்மகூட கார்ல. மத்ததெல்லாம் பின்னால வண்டியில. தொடப்பம், பழந்துணி, மருந்து மாத்திரை இன்னா இருந்தாலும் கட்டக்கடைசி."

"மாத்திரை காலையில போடணுமே அண்ணி" என்றேன்.

"வண்டி எட்டு, ஒம்போதுக்கெல்லாம் வந்துடும்ன்றான் உன் வூட்டுக்காரன். அதுக்குள்ள இன்னா? சீக்கை மின்ன அனுப்பிட்டு நாம பின்னால போறதாடி? அதுக்கு எதுக்குப் புது வூடு?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் அத்தையை எதிர்த்து ஏதாவது கேலியாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாத்திரை வைத்திருந்த நீலப் பெட்டியை எடுத்தாள். ஒரு நொடி கையில் வைத்திருந்தாள்.

"அத்தை சொல்றது சரிதாம்மா. ஒரு நாளாச்சும் இது எனக்குப் பின்னால வரட்டும்."

அவளே அதைப் பழைய துணிகளுக்கு நடுவில் செருகி, பெட்டிக்கு டேப் ஒட்டினாள். ஒரு மாத்திரையை உன் பர்சில் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தோன்றாமலில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்த அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெட்டியை மறுபடி பிரித்திருக்க மாட்டார்கள்.

ஓவன் முதல் காரிலேயே வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. அடுப்பு வகை, நல்லதுதான் என்று அக்கா அனுமதித்துவிட்டார்.

விடிவதற்குள் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது என்று அக்கா மகிழ்ந்தார். என் கணவர் சாமான்களை ஏற்றிவர அதே காரில் திண்டிவனத்துக்குத் திரும்பினார். முந்தைய இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. மகள் ஹாலின் வெறும் தரையில் ஓவனை நிறுத்தி, எதிரில் பாயை விரித்து உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த கேப்பை மாவைக் கலக்க ஆரம்பித்தாள். அந்த மாடியில் இருப்பவர்களைப் பால் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வருகிறவர்களுக்குத் தன் கேக்கைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

வண்டி வர வேண்டிய நேரத்துக்கு என் கணவரிடமிருந்து போன் வந்தது.

"விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி நிக்கிறோம். டயர் வெடிச்சிடுச்சு. ஸ்டெப்னியும் பேஜாரா இருக்கு. டிரைவர் ஆள் தேடிக்கினு போயிருக்கான்."

"மாத்திரைப் பெட்டி?"

லாரிகளின் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"கடைசியில ஏத்தச் சொன்னாங்களேன்னு பாத்தேன். அந்தப் பசங்க மொதல்லயே ஏத்திட்டானுங்க. பீரோவுக்குப் பின்னால இருக்கு. எல்லாத்தையும் ரோட்டுல எறக்கினாத்தான் எடுக்க முடியும்."

கடைசி வண்டியிலும் அது கடைசியில் மாட்டிக்கொண்டது. நான் போனை வைத்துவிட்டுக் கீழே தெருமுனையில் பார்த்த மருந்துக் கடைக்குப் போகிறேன் என்றேன். மகள் மாவுக் கரண்டியோடு வந்து வாசலில் குறுக்கே நின்றாள்.

"மொத நாளே அந்த மாத்திரை பேரைச் சொல்லப் போறியா? நம்ம பில்டிங் ஆளுங்க எல்லாம் அந்தக் கடையிலதான் வாங்குவாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"ஒரு வேளைதானம்மா. அப்பா வந்துக்கினே இருக்காரு. விடேன்."

அக்கா பின்னாலிருந்து, "ஜல்தியா வந்துடுவான். நீ ஏன் பதட்டப்பட்டு அவளையும் பதட்டப்படுத்துற?" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன்.

பத்து மணிவாக்கில் எதிர் வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டு இளம்பெண்ணும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் இன்னும் சிலரும் வந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. எல்லோரும் நின்றுகொண்டே பால் குடித்தார்கள். எதிர் வீட்டு அம்மா நல்ல கலகலப்பு. "இன்னா வாசனை இது! வந்த மொத நாளே மூணாவது மாடி முழுக்கப் பசி எடுக்க வெச்சிட்டாளே உங்க பொண்ணு" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் தன் சின்னவனுடைய பிறந்தநாள் வருகிறதென்று சொல்லி, அங்கேயே கேக்குக்குச் சொல்லிவைத்தாள். மகள் ஓவனிலிருந்து தட்டை வெளியே இழுத்தபடி திரும்பி, "பொம்மை வெச்சதா, கார் வெச்சதா?" என்று கேட்டாள்.

பையன் கார் என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை. கண்கள் ஒரு பக்கமாகப் போயின. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் தட்டு தரையில் விழுந்தது. அவள் திறந்திருந்த ஓவன் கதவின் மேல் வலது கையோடு சரிந்தாள்.

இழுத்துப் படுக்கவைத்து ஒருக்களித்துத் திருப்பினேன். தலைக்கடியில் என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். எல்லாம் கற்றுவைத்திருந்ததுதான். என் கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. யாரோ தண்ணீர் என்றார்கள். யாரோ "சாவி, சாவி, இரும்பு குடுங்க" என்றார்கள். எதிர் வீட்டு அம்மா தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்தார். வெந்த கையில் திணித்தார். அது அவருக்குத் தெரியாது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்தேன். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். குழந்தைகளை அவர்கள் அம்மா வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பையன் அழுதுகொண்டே போனான்.

அவளுக்கு நினைவு திரும்பியபோது முதலில் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த கேக்கைப் பார்த்தாள். பிறகு என்னை. "எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்று கேட்டாள். கை எரிகிறது என்று அப்புறம்தான் சொன்னாள்.

வண்டி சாயங்காலம் வந்தது. நாங்கள் அப்போது மருத்துவமனையில் இருந்தோம். சாமான்களை எதிர் வீட்டு அம்மாதான் நின்று இறக்கி வைத்தாராம். நல்ல மனுஷி.

யாரும் எங்களிடம் கெட்டவிதமாக நடந்துகொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள். "கேக் வேணாம் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க. உடம்பு சரியில்லாத பொண்ணை எதுக்குச் சிரமப்படுத்தணும்? கடையில சொல்லிட்டோம்" என்றாள். மகள் உள்ளேயிருந்து, "பரவாயில்லக்கா, கார் ஷேப் கடைக்காரங்க நல்லாவே செய்வாங்க" என்று குரல் கொடுத்தாள். லிஃப்டில் அவள் ஏறினால் கூடவே யாராவது ஏறிக்கொள்கிறார்கள். அக்கறையில்தான். அவள் இப்போதெல்லாம் படியில்தான் இறங்குகிறாள். படியில் அவள் இறங்கும்போது நானும் பின்னால் இறங்குகிறேன்.

அக்கா நாள் தவறாமல் கோலியனூரிலிருந்து வந்தார். மகளின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். திருவாமாத்தூர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். "என் வாயைத் தைக்கணும்" என்றார். மகள்தான் அவரைத் தேற்றினாள். "நானும்தானே அத்தை டேப் ஒட்டினேன். எனக்கும் அது பின்னால வரணும்னுதான் இருந்துச்சு." அக்காவுக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

காயம் ஆறியது. முழங்கைக்குக் கீழே தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஒரு வேளை விட்டதாலயும் தூக்கம் கெட்டதாலயும் வந்திருக்கலாம். ஆனா நாம மறுபடி மொதல்லேருந்துதான் எண்ணணும்" என்றார். புதுச்சேரியைப் பற்றி என் கணவர் கேட்டார். மருத்துவர் மகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "போகவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. விடுதியில சொல்லி வெச்சு, கூட ஒருத்தர் இருக்கற மாதிரி பாத்துக்கினா போகலாம். ரிஸ்க் இருக்கு. இல்லன்னு சொல்ல முடியாது. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க."

வீட்டில் பேசவில்லை. ஆடி முழுக்கப் பேசவில்லை. என் கணவர், "உங்க அம்மா இன்னா சொல்றாளோ அதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மகள் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு என் எதிரில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாள். நான் கொத்தமல்லி ஆய்வேன். வெயிலைப் பற்றிப் பேசுவேன். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்பேன். அவள் எழுந்துபோய்விடுவாள். புதுச்சேரிப் பயிற்சி நிலையத்தின் சமையல்கூடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பெரிய பெரிய ஓவன்கள் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னால் அவள் ஒருத்தி மட்டும் இருப்பதுபோல் கண்ணை மூடினால் தெரியும்.

சேர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், காலைச் சாப்பாடு முடிந்த பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவை மூடவில்லை. அந்தப் பயிற்சி நிலையத்தில் யாரோ ஒரு மேடத்திடம் பேசினாள். குரல் தெளிவாக இருந்தது.

"என்னால ஜாயின் பண்ண முடியாது மேடம். இல்ல மேடம், உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் வீடு மாறினோம். அம்மாவால தனியா சமாளிக்க முடியாது. ஆமாம் மேடம். அடுத்த வருஷம் பாக்கறேன். சீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. சாயங்காலமா? இல்ல மேடம், யோசிக்க வேணாம்."

நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. ஆனி மாதத்திலிருந்து வராத மூச்சு ஒன்று உள்ளே முழுதாகப் போய் வந்தது. அது நிம்மதி என்று புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

அவள் உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"உன் முகம் இப்பதான்மா பழையபடி இருக்கு" என்றாள்.

போ, அந்த மேடத்துக்கே திரும்பப் போன் பண்ணு, நாளைக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மாலைவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். போன் அவள் கையிலேயே இருந்தது. அவளும் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.